நாலுக்குப் பதினெட்டு

இப்போதெல்லாம் பேஸ்பால் மைதானத்துக்கு யாரும் ஆட்டம் பார்க்க வருவதில்லை. தங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். அங்கே பந்து வானத்தில் பறந்துகொண்டிருக்கும். இங்கே இவர்கள் தலையைக் குனிந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எண்ணிக்கொண்டிருந்த கூட்டம் இப்போது புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கிறது. நான் நேரில் வந்த நாட்களில் அணி எத்தனை ஜெயித்தது, எத்தனை தோற்றது என்று ஒரு கணக்கு. அது நன்றாக இருந்தால் அவன் ‘வெற்றி தேவதை’யாம். மோசமாக இருந்தால் ‘தோல்வி தேவதை’.

எனக்கு எழுபத்தோரு வயது. யோசு துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் கானாங்கெளுத்திப் பெட்டி தூக்குகிறவன். என்னைப் பார்த்து ஒரு பெண் தேவதை என்றாள். அதுவும் இரண்டாவது வகை.

சொன்னவள் தா-யொங். பல் மருத்துவமனையில் வேலை. முதல் பேஸ் பக்கம் பதினேழாவது வரிசையில் எனக்கு இடது கைப் பக்கத்து நாற்காலி அவளுடையது. எங்கள் ஊர் ஹெரன்ஸ் அணி யோசுவில் ஆடுகிற ஒரு ஆட்டத்தையும் விடமாட்டாள். சனிக்கிழமை ஆட்டம் தோற்றதும் எல்லோரும் வழக்கம்போல மைதானத்துச் சாலையில் இருக்கிற சுன்-ஓக்கின் பதார்த்தக் கடையில் போய் நின்றோம். ஞாயிறு மதியம் கடைசி ஆட்டம். அதை ஜெயித்தால்தான் முன்னணி அணிகள் மட்டும் ஆடுகிற இலையுதிர் காலப் போட்டிக்குள் நுழைய முடியும். எட்டு வருடமாக நுழையவில்லை. தோற்றாலும் போச்சு, சமனில் முடிந்தாலும் போச்சு.

“தாத்தா, உங்க சீசன் கார்டு நம்பரைச் சொல்லுங்க,” என்றாள் தா-யொங்.

“எதுக்கு?”

“சும்மா சொல்லுங்களேன். உங்க சொத்தையா எழுதிக்கப் போறேன்?”

சொன்னேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். கார்டு என் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. வாசலில் அதைக் காட்டும்போதெல்லாம் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த டிங் எல்லாம் எங்கோ போய்ச் சேர்ந்து எழுதப்படுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவள் கைபேசியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன?”

“தாத்தா... நாலு வெற்றி, பதினெட்டு தோல்வி.”

சுன்-ஓக் கறுப்பு மொச்சையை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். இந்தப் பெண்பிள்ளை வாய் திறந்தால் பக்கத்துக் கடையும் திரும்பிப் பார்க்கும்.

“பதினெட்டா! அந்த நாலும் எந்தெந்த நாளும்மா?”

தா-யொங் தேதிகளைப் படித்தாள். நாலும் ஞாயிற்றுக்கிழமை. நாலும் சுன்-ஓக் கடையை மூடிவிட்டு ஆட்டத்துக்கு வந்த நாட்கள்.

“அப்போ அந்த நாலும் என் ராசி. அண்ணனோட ராசிக்குப் பூஜ்யம், பதினெட்டு!” என்று கையை விரித்தாள். “ஏண்ணே, உங்க பக்கத்துலயா நாங்க இத்தனை நாளா உக்காந்திருந்தோம்?”

அவள் புருஷன் மான்-சிக் உள்ளே பலகையில் முள்ளங்கி வெட்டிக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

தா-யொங் இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “ஆனா தாத்தா, இதுல ஏழு ஆட்டம் செவ்வாயும் வியாழனும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். அந்த ஏழு நாளும் நான் வந்திருந்தேனே. உங்க இடம் காலியாத்தான் இருந்துச்சு.”

உள்ளே கத்திச் சத்தம் நின்றது.

நான் வாரநாளில் ஆட்டத்துக்குப் போவதில்லை. விடிவதற்கு முன்னால் ஏலம். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அந்த நாட்களில் என் கார்டு யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். முள்ளங்கி வெட்டுகிறவனுக்கும் தெரியும். மான்-சிக் போன வருடம் மார்ச்சில் இதே மைதானத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன். ரத்தக்குழாயில் கம்பிவலை வைத்திருக்கிறார்கள். சுன்-ஓக் தன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒழிய அவனை மைதானத்துக்குள் விடுவதில்லை. அவளுக்கோ கடையை விட்டு வர மாதத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தால் அதிகம். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அவனை அக்குபங்சர் ஊசி வைத்தியரிடம் அனுப்புவாள். அவன் ஊசிக்குப் போகாமல் என் கார்டை வாங்கிக்கொண்டு ஆட்டத்துக்குப் போனான். எங்கள் வரிசையில் உட்கார்ந்தால் தா-யொங் பார்த்துவிடுவாள் என்று எங்கெங்கோ ஒளிந்து உட்கார்ந்தான்.

“மேல போய் உக்காந்தேன். அங்க காத்து நல்லா வரும்,” என்றேன்.

“மேல ஒளிஞ்சு உக்காந்தும் தோக்கடிச்சிருக்கார் பாரு!” என்றாள் சுன்-ஓக். கத்திச் சத்தம் மறுபடி கேட்டது. வேகமாக. “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் வீட்டுல இருங்க. டிவியில பாருங்க. டிவியில பாத்தா கணக்குல வராது.”

“நான் வருவேன்.”

“தோத்தா?”

“நானாம்மா பந்து போடறேன்? நானா அடிக்கறேன்?”

“அதெல்லாம் இல்ல. தோத்தா என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க.”

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போய்விடும். “தோத்தா இந்தக் கார்டை உன் கையில குடுத்துட்டுப் போறேன். அடுத்த வருஷமும் வரமாட்டேன். எந்த வருஷமும் வரமாட்டேன். போதுமா?”

“எல்லாரும் கேட்டுக்குங்க,” என்றாள் அவள்.

பேருந்து நிறுத்தத்தில் மான்-சிக் ஓடி வந்தான், ஓடக்கூடாதவன். மூச்சு வாங்கிற்று.

“அண்ணே, சொல்லிடாதே. ஊசிக்குப் போகலன்னு தெரிஞ்சா அவ என்னைக் கொன்னுடுவா. இல்லன்னா அழுவா. அழுதா அதைவிட மோசம்.”

“சொல்லல. போ. ஓடாம போ.”

“சத்தியமா?”

“சொல்லலன்னா சொல்லல.”

வீட்டுக்குப் போனேன். என் மனைவி சுவோனில் மகள் வீட்டில் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நாலு வருடமாக இருக்கிறாள். என் வீட்டில் பேசுவது சோறு வேகிற மின்சாரப் பானை ஒன்றுதான். ‘சோறு தயார், நன்றாகக் கிளறவும்’ என்று ஒரு பெண் குரல் சொல்லும். அன்றைக்கும் சொல்லிற்று. கிளறினேன். ஏலக்கூடத்தில் என்னை ஒன்பதாம் நம்பர் என்று கூப்பிடுவார்கள். அண்ணே என்று ஒருவனும், ஏய் தோல்வி தேவதை என்று ஒருத்தியும் கூப்பிடுகிற இடம் அந்தப் பதினேழாவது வரிசைதான். அதை ஒரு வாய்ச்சொல்லில் பந்தயம் வைத்துவிட்டு வந்திருந்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி. வெயில் நேராக முகத்தில் அடித்தது. நான் போனபோது மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தா-யொங், என் நாற்காலி, மான்-சிக், அந்தக் கடைசியில் சுன்-ஓக். என் நாற்காலி முழுக்கக் கல்லுப்பு.

“இது என்ன?”

“உப்பு,” என்றாள் சுன்-ஓக்.

“உப்புன்னு தெரியுது. நாள் பூரா உப்புலதான் நிக்கறேன்.”

“பீடை போறதுக்கு. தட்டாதீங்க, மேலயே உக்காருங்க.”

தட்டிவிட்டு உட்கார்ந்தேன். பையில் மிச்சம் வைத்திருந்தாள். எழுந்து என் சட்டைக் காலருக்குள் ஒரு கைப்பிடி போட்டாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். விஷயம் அதற்குள் நாலு வரிசை தாண்டியிருந்தது.

இரண்டாவது இன்னிங்ஸிலேயே எதிரணி சுன்சொன்காரர்கள் இரண்டு ரன் எடுத்தார்கள். எங்கள் ஆள் ஒருவன் காலடியில் வந்த பந்தைக் கோட்டைவிட்டான். பின்னாலிருந்து ஒரு குரல், “யாருப்பா அந்தத் தாத்தா?” என்றது. “அந்தக் காக்கித் தொப்பி,” என்றது இன்னொன்று. நான் திரும்பவில்லை. கணவாய்க் கருவாட்டைக் கிழித்து மென்றுகொண்டிருந்தேன்.

மான்-சிக் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக நடுவரின் மூன்று தலைமுறையையும் திட்டுகிறவன். கிம்பாப் சோற்றுச் சுருள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

ஐந்தாவதில் நாங்கள் இரண்டு எடுத்தோம். இரண்டுக்கு இரண்டு. சுன்-ஓக் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள், ஏதோ திருடினவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட மாதிரி.

ஏழாவதில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ரன்னுக்கு ஓடக் காத்து பேஸில் நிற்க, என் தொப்பி காற்றில் கழன்று நாற்காலிக்கு அடியில் போனது. குனிந்து தேடினேன். தலைக்கு மேலே மைதானமே வெடித்த மாதிரி சத்தம். நிமிர்ந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பந்தை அடித்த எங்கள் ஆள் இரண்டாவது பேஸில் நின்று நெஞ்சில் குத்திக்கொள்கிறான். நாலுக்கு இரண்டு.

“குனிஞ்சிருந்தார்!” என்று கத்தினாள் சுன்-ஓக். “அண்ணன் பாக்கல! குனிஞ்சிருந்தார்! அண்ணே, அப்படியே குனிஞ்சுக்கிட்டே இருங்க!”

“ஆட்டம் பாக்க வந்தேனா, உன் செருப்பைப் பாக்க வந்தேனா?”

“இன்னும் ரெண்டே இன்னிங்ஸ்ண்ணே. செருப்பு புதுசு, நல்லாத்தான் இருக்கு, பாருங்க.”

தா-யொங் சிரித்துச் சிரித்து பியரைக் கொட்டினாள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. எட்டாவதில் அது போயிற்று. சுன்சொன்காரன் ஒருவன் அடித்த பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. நாலுக்கு மூன்று. அந்த நேரம் நான் நிமிர்ந்துதான் இருந்தேன். அதை நாலு பேர் என்னிடம் சொன்னார்கள்.

ஒன்பதாவது. எதிரணி மட்டை பிடிக்கிறது. மூன்று பேரை அவுட்டாக்கினால் ஆட்டம் எங்களுடையது. பந்தை யொம் கையில் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயது, இடது கைக்காரன். அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் ஆளுக்கு நாலு பந்தும் தள்ளிப் போட்டான். இலவசமாக முதல் பேஸுக்குப் போனான் அந்த ஆள். இரண்டாவது ஆள் பந்தை மெல்லத் தட்டி வைத்துத் தான் அவுட்டாகி, முதல் ஆளை இரண்டாவது பேஸுக்கு அனுப்பினான். ஒரு அவுட். மூன்றாவது ஆள் இடதுபக்கம் அடித்தான். ஓடி வந்தவன் மூன்றாவது பேஸில் நின்றுவிட்டான். முதலாவதில் ஒருவன், மூன்றாவதில் ஒருவன். மூன்றாவதில் நிற்பவன் உள்ளே வந்தால் சமன். அப்புறம் நாங்கள் மறுபடி ஒரு ரன் எடுக்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

சுன்-ஓக் புருஷன் மடியைத் தாண்டி என் கையைப் பிடித்தாள். இந்த முறை சிரிப்பில்லை.

“அண்ணே. எழுந்திருங்க.”

“எங்க?”

“வெளியில போங்க. ஒரு சிகரெட் பிடிங்க. இந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும். ஜெயிச்சா கார்டு உங்களுக்கே. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“ஆமா தாத்தா,” என்றாள் தா-யொங், கெஞ்சுகிற குரலில். “உங்களை நாங்க துரத்தல. பத்தே நிமிஷம்.”

பின் வரிசையில் ஒருவன் ஆரம்பித்தான், இரண்டு கையையும் தட்டிக்கொண்டு: “தாத்தா, வெளியே! தாத்தா, வெளியே!” அவனுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். மட்டைக்காரனுக்குப் பாட்டுப் பாடுகிற மெட்டிலேயே பாடினார்கள். நாற்பது வருடம் மீன்பெட்டி தூக்கின தோள் எனக்கு. அதைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

யோசித்துப் பார்த்தேன். நான் போய், இவர்கள் ஜெயித்தால், கிழவன் போனதால் ஜெயித்தோம் என்பார்கள். நான் இருந்து தோற்றால், கிழவன் இருந்ததால் தோற்றோம் என்பார்கள். நான் போயும் தோற்றால்தான் என் மேல் பழி இல்லை. அதாவது என் பெயர் சுத்தமாக வேண்டுமானால் என் அணி நாசமாகப் போக வேண்டும். அரை நிமிடம் அப்படி ஆசைப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது பேஸில் நின்றவனைப் பார்த்து, ஓடுடா, என்று மனசுக்குள் சொன்னேன். பிறகு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அந்தப் பதினெட்டில் ஏழு என்னுடையது இல்லை. அதைச் சொன்னால் எனக்கு நாலுக்குப் பதினொன்று. அதுவும் கேவலம்தான். ஆனால் இவர்களுக்குத் திட்ட வேறு ஆள் கிடைத்துவிடுவான். அவர்கள் என்னை விட்டுவிடுவார்கள்.

“தாத்தா, வெளியே! தாத்தா, வெளியே!”

“என்னண்ணே கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க!” என்றாள் சுன்-ஓக். கண்ணில் தண்ணீர். “எட்டு வருஷம்ண்ணே!”

“ஏம்மா, எல்லாத்தையும் என் தலையில கட்டாதே,” என்றேன். வாய் முன்னால் போய்விட்டது. “அந்தப் பதினெட்டுல ஏழு...”

மான்-சிக் என்னைப் பார்த்தான். அவன் முகம் வேகவைத்த முள்ளங்கி நிறத்தில் இருந்தது. கை நெஞ்சில். மிச்சம் வாயிலேயே நின்றது.

“ஏழு என்ன?” என்றாள் சுன்-ஓக்.

மான்-சிக் எழுந்து நின்றான். கிம்பாப் டப்பா மடியிலிருந்து விழுந்து திறந்துகொண்டது.

“எங்கய்யா போறே?”

“ஒண்ணுக்கு.”

“இப்பவா? நெஞ்சு வலிக்குதா? மாத்திரை...”

“வலிக்கல. ஒண்ணுக்குத்தான். நீ வராதே. நீ உக்காரு, சுன்-ஓக். நீ மட்டும் எழுந்திரிக்கவே கூடாது.”

என் முழங்காலைத் தாண்டிப் போனான். போகும்போது என் தோளை ஒரு முறை அழுத்தினான். படியில் ஏறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடைவழி இருட்டுக்குள் போய்விட்டான். மைதானத்தில் பதினெட்டாயிரம் பேர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவன்தான் வேறு திசையில் போனான்.

“போக வேண்டியவர் உக்காந்திருக்கார், இருக்க வேண்டியவர் போறார்,” என்றாள் சுன்-ஓக். “ஏழுன்னு என்னமோ சொன்னீங்களே?”

“ஒண்ணுமில்ல. ஆட்டத்தைப் பாரு.”

யொம் அடுத்த ஆளுக்கு மூன்று பந்து போட்டான். மூன்றையும் அவன் காற்றில் வீசினான். இரண்டு அவுட். பின்னாலிருந்து பாட்டு நின்றுவிட்டது, எல்லோரும் நின்றார்கள். அதற்கு அடுத்தவனுக்கு மறுபடி நாலு பந்தும் தள்ளிப் போயிற்று. மூன்று பேஸும் நிறைந்துவிட்டது. இன்னொரு நாலு பந்து தள்ளிப் போட்டால் அடிக்காமலே சமன்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். முன்னால் நிற்பவர்களின் முதுகுகளுக்கு நடுவில் ஒரு சந்து கிடைத்தது. அதில் யொமின் வலது கால் தெரிந்தது. கால் உயரும், இறங்கும். கூட்டம் ஆ என்னும். மூன்று தப்பு, இரண்டு சரி, இன்னும் ஒரு பந்தில் முடிவு. கால் உயர்ந்தது. மட்டைச் சத்தம் கேட்டது. நல்ல சத்தம், எனக்குப் பிடிக்காத சத்தம். பந்து மேலே போவதைச் சந்தில் பார்க்க முடியவில்லை. முதுகுகள் எல்லாம் இடதுபக்கம் திரும்பின. எழுந்துவிட்டேன். இடதுபக்கக் கோடியில் நின்ற எங்கள் ஆள் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். சுவரில் முதுகு இடித்தது. கையுறையைத் தூக்கினான். பந்து அதற்குள் போயிற்று. வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தா-யொங் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சுன்-ஓக் பையில் இருந்த மிச்ச உப்பை எல்லாம் வானத்தில் வீசினாள். முன் வரிசைக்காரர்கள் தலையில் விழுந்தது, யாரும் கோபிக்கவில்லை. என்னை வெளியே போ என்று பாடினவன் எட்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான்.

“அஞ்சுக்குப் பதினெட்டு தாத்தா!” என்று கத்தினாள் தா-யொங். “பீடை உடைஞ்சுடுச்சு! செவ்வாய்க்கிழமை இலையுதிர் போட்டியோட முதல் ஆட்டம், இதே சட்டை, துவைக்கக் கூடாது. இதே தொப்பி. இதே கருவாடு.”

“உப்பு வேலை செஞ்சது,” என்றாள் சுன்-ஓக். மூக்கைச் சிந்தினாள். “அண்ணே, கடைசி வரைக்கும் அசையாம உக்காந்தீங்களே, அதுதான். நான் அப்பவே நினைச்சேன்.”

“நீ என்னை எழுந்து போகச் சொன்னே.”

“வாயால சொன்னேன். மனசுல உக்காரச் சொன்னேன். இவர் எங்க இன்னும் காணோம்?”

“நான் பாக்கறேன்,” என்று கிளம்பினேன்.

கழிப்பறையில் இல்லை. நடைவழியில் இல்லை. வாசலுக்கு வெளியே, சிகரெட் பிடிக்கிற இடத்தையும் தாண்டி, காலி பிளாஸ்டிக் குவளைகளைக் கொட்டுகிற தொட்டிகளுக்குப் பின்னால் மான்-சிக் குந்தியிருந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டிருந்தான். மறுபடி நெஞ்சுவலியோ என்று ஓடிப்போனேன். தோளைத் தொட்டேன். குதித்து எழுந்தான்.

“என்னாச்சு? சொல்லாதே! இல்ல, சொல்லு!”

“இவ்வளவு சத்தம் கேக்குதே, தெரியலயா?”

“யார் போட்ட சத்தமோன்னு இருந்துச்சு.”

“ஜெயிச்சாச்சு.”

மறுபடி குந்திவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். அழட்டும் என்று ஒரு சிகரெட் பற்ற வைத்தேன்.

“நீ சொல்ல ஆரம்பிச்சே,” என்றான் கடைசியில்.

“ஆமா. ஆரம்பிச்சேன்.”

“சொல்லியிருப்பியா?”

“சொல்லியிருப்பேன்.”

தலையாட்டினான். கோபமில்லை. “அண்ணே, அது நான்தான். எனக்கு ஜூன்லயே தெரியும்.”

“ஜூன்லயேவா? ஆகஸ்டுலயும் வந்து கார்டு வாங்கிட்டுப் போனியே!”

“இடத்தை மாத்தினா சரியாயிடும்னு பாத்தேன். இடதுபக்கம் உக்காந்தேன். வலதுபக்கம் உக்காந்தேன். உச்சியில போய் உக்காந்தேன். ஒரு நாள் எதிரணிக்காரங்க நடுவுல உக்காந்து அவங்களுக்குக் கை தட்டிக்கூடப் பாத்தேன்.”

“அப்புறம்?”

“எட்டுக்கு ஒண்ணுல தோத்தோம். சுன்-ஓக் பக்கத்துல இருந்தா அவ ராசி கொஞ்சம் தாங்குது. இன்னைக்கு அவளாலயும் தாங்க முடியல. நான் எழுந்து வந்தேன், உடனே அவன் மூணு பந்துல அவுட்டானான் பாத்தியா?”

“அதுக்கு அடுத்தவனுக்கு நாலு பந்தும் தள்ளிப் போச்சு. அப்பவும் நீ இங்கதான் இருந்தே.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்போ நான் வாசல்கிட்ட நின்னுட்டிருந்தேன். உள்ளயா வெளியயான்னு சொல்ல முடியாத இடம். அப்புறம்தான் இங்க வந்தேன்.”

சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தேன். “டேய், போன புதன்கிழமை நீ கடையில முள்ளங்கி வெட்டிட்டிருந்தே. நான் தூங்கிட்டிருந்தேன். ஒன்பதுக்குப் பூஜ்யத்துல தோத்தாங்க. அது யார் பண்ணது?”

“யாரோ ஒருத்தன் உள்ள இருந்திருப்பான்ணே,” என்றான். கேலி இல்லை. அவனைப் பார்த்தால் அந்த யாரோ ஒருத்தனுக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது.

உள்ளே இன்னும் பாட்டு ஓயவில்லை. சுன்-ஓக்கின் குரல் வாசல் பக்கம் கேட்டது. புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். மான்-சிக் அவசரமாக முகத்தைத் துடைத்தான்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை நீ உள்ள போ. நான் இங்கயே நிக்கறேன். இந்தத் தொட்டிக்குப் பின்னால. ஊசிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துடுவேன்.”

“ஊசிக்கே போ.”

“இல்லண்ணே. இங்க ஆள் நிக்கணும்.”

“பைத்தியக்காரா,” என்றேன்.

“செவ்வாய்க்கிழமை நீ மட்டும் வராம இருந்துடாதே. இதே சட்டை, என்ன?”

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து அவன் இன்னும் இரண்டு தடவை சட்டை, சட்டை என்று கத்தினான். நடக்க நடக்கக் காலருக்குள்ளிருந்து உப்பு முதுகில் இறங்கி உறுத்திற்று. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சட்டையைத் துவைக்கப் போட வேண்டும்.